வாழையிலை இருந்தால் வாழை ஆகிவிடுமா?

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து வ. புதுப்பட்டியிலிருந்து சென்னை வரை ஒரு கணக்கு செல்லுபடியாகிறது. வாழை மரவகை; மஞ்சளும் இஞ்சியும் கிழங்குவகை; இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வாழைக்கு நெருங்கிய சொந்தம் கல்வாழையும் விசிறிவாழையும்தான். செவ்வாழை, பூவன், மொந்தன் எல்லாம் தனித்தனி இனங்கள். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் மரம். கல்யாண வாசலில் கட்டுகிற வாழையில் கட்டையே கிடையாது. மட்டைகள் ஒன்றையொன்று சுற்றி எழுந்த பொய்த்தண்டு அது. அசல் தண்டு மண்ணுக்குள் கிழங்காகக் கிடக்கிறது. பூக்கும் பருவத்தில் பொய்த்தண்டின் நடுவே மேலேறி வருகிறது. நாம் பொரியல் செய்யும் வாழைத்தண்டு அதுதான். மஞ்சளுக்கும் ஏலத்துக்கும் நிலத்தடிக் கிழங்கு, மட்டைகளாலான பொய்த்தண்டு என்ற அதே அமைப்பு உண்டு.

அடுத்து, உறவே இல்லை என்பது. பொங்கல் பானையில் கட்டும் மஞ்சள் கொத்து, பொங்கலில் இடும் ஏலக்காய், பரிமாறும் வாழையிலை மூன்றும் இஞ்சி வரிசை என்னும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. அந்த வரிசையில் 8 குடும்பங்கள். இனங்களோ 2,000-க்கும் மேல். அவற்றில் பெரும்பகுதி இஞ்சிக் குடும்பத்துக்கே சொந்தம்.

கல்வாழை, விசிறிவாழை விஷயத்தில் கண் பாதி உண்மை சொல்கிறது. சுருளாக வெளிவரும் குருத்தும் நடுநரம்பிலிருந்து கிளைக்கும் இணை நரம்புகளும் இந்த வரிசையின் பொது அடையாளங்கள். ஆனால் குடும்பத்தைக் காட்டிக்கொடுப்பது பூ. வாழைப்பூவில் நாம் ஆய்ந்தெடுக்கும் கள்ளனைச் சுற்றிப் பொதுவாக 5 மகரந்தத் தாள்கள் இருக்கும். இஞ்சிப் பூவில் ஒன்றே ஒன்று. கல்வாழையில் ஒரு தாளின் பாதிதான் மகரந்தம் தரும். பளபளக்கும் 'இதழ்கள்' உண்மையில் மலடாகிப்போன மகரந்தத் தாள்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கல்வாழை, இந்தக் கணக்கில் வாழையைவிட இஞ்சிக்கே நெருக்கம். மடகாஸ்கரைச் சேர்ந்த விசிறிவாழைக்கு உண்மையிலேயே கட்டைத்தண்டு உண்டு. அது ஸ்ட்ரெலிட்சியா குடும்பம். மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைச் சரிவுகளில் வளரும் என்செட் சூப்பர்பம், பக்கக்கன்று விடாமல் விதையில் பெருகினாலும், வாழைக் குடும்பமேதான்.

கடைசியாக ரகங்கள். தாவரவியலாளர் லின்னேயஸே இங்கு தடுமாறினார்: 1753-இல் மூசா பாரடிசியாகா, 1759-இல் மூசா சேப்பியென்டம் என்று இரண்டு இனங்களாகப் பெயரிட்டார். ஆய்வாளர்கள் சிம்மண்ட்ஸும் ஷெப்பர்டும் 1955-இல் அந்தக் குழப்பத்தைத் தீர்த்தார்கள். நாம் உண்ணும் வாழைகளில் பெரும்பாலானவை மூசா அக்குமினேட்டா, மூசா பால்பிசியானா என்ற இரண்டு காட்டினங்களின் வழித்தோன்றல்கள். செவ்வாழையின் மூன்று மரபணுத் தொகுதிகளும் அக்குமினேட்டா. பூவனிலும் ரஸ்தாளியிலும் அக்குமினேட்டா இரண்டு, பால்பிசியானா ஒன்று. மொந்தனில் இது தலைகீழ். வறட்சியைத் தாங்கும் குணம் பால்பிசியானா வழி வருவது என்பதால், தண்ணீர் குறைந்த தோட்டத்துக்கு ரகம் தேர்ந்தெடுக்கிறவருக்கு இந்த வகைப்பாடு நேரடியாகவே பயன்படுகிறது.