கையொப்பமும் கைலியும்

உடையலங்காரக் கலைஞர் ஒருவரைப் பற்றிய ஆவணப்படத்தில் தமிழ்த்துறையினர்க்கு என்ன இருக்கிறது என்று சமுதாயப் பெரியோர் சிலர் வினவக்கூடும். ஆடம்பரமும் ஆரவாரமும் மலிந்த தொழில் அது என்பது பொதுக்கருத்து. அது முற்றிலும் பிழையன்று. ஆயினும், ஜெர்மானிய இயக்குநர் விம் வெண்டர்ஸ், ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் யோஜி யமமோட்டோவைப் பற்றி 1989இல் எடுத்த படத்தை நம் மாணவர்கள் பார்த்தே ஆகவேண்டும் என்பது நம் துணிபு.

பாரிஸ் நகரின் பொம்பிடு கலை மையம் கேட்டுக்கொண்டதற்கிணங்க எடுக்கப்பட்ட படம் அது. ஆடையலங்காரத்தில் தமக்கென்ன வேலை என்ற ஐயத்தோடுதான் வெண்டர்ஸே தொடங்குகிறார். போகப்போக ஒரு மனிதரின் உள்ளம் திறக்கிறது. யமமோட்டோவின் தந்தை உலகப்போரில் மாண்டவர். தாய் துணி தைத்து மகனை வளர்த்த கைம்பெண். சட்டம் பயின்ற மகன் அத்தாயின் தையற்கடைக்கே திரும்பினார். அவர் விரும்பிப் புரட்டும் நூல், ஆகஸ்ட் சாண்டர் எடுத்த புகைப்படங்களின் தொகுப்பு. உழவர், சமையற்காரர், கொத்தனார் என உழைப்பாளர் தத்தம் தொழிலுக்குரிய உடையில் நிற்கும் படங்கள் அவை. புகழின் உச்சியில் இருப்பவர், பெயரறியா உழைப்பாளியின் சட்டையை ஏக்கத்தோடு நோக்குகிறார்! வேறொரு காட்சியில், தம் கடையின் பெயர்ப்பலகைக்காகத் தம் கையொப்பத்தை இடுகிறார், மனநிறைவின்றி அழிக்கிறார், மீண்டும் இடுகிறார். நம்மை மிகுதியும் சிந்திக்கச் செய்த காட்சி அதுவே.

ஏனெனில், நம் திருவள்ளூர் மாவட்டத்துத் துணிக்கு ஊர்ப்பெயர் உண்டு. நெய்தவர் பெயர் இல்லை. பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613இல் கெல்ட்ரியாக் கோட்டையைக் கட்டியது துணி வணிகத்தின் பொருட்டே. இங்கிருந்து சென்ற கட்டம் போட்ட துணி கீழை நாடுகளில் நறுமணப் பொருள்களுக்கு மாற்றாயிற்று. மலாய் மக்கள் இன்றும் தொழுகைக்கு உடுத்தும் கைலியைக் 'கயின் பெலிகாட்' என்பர். பெலிகாட் என்பது நம் பழவேற்காடே. கடல் கடந்து ஊரின் பெயர் போயிற்று. தறியில் அமர்ந்தவர் யார் என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை. அவர் கையொப்பமிட ஒரு பலகையும் இல்லை.

பழங்கதை பேசுகிறோம் எனக் கருதவேண்டா. தேர்வாய் கண்டிகையை எண்ணிப் பாருங்கள். கிராமத்தார் மேய்ச்சல் நிலமாகப் பேணி, அதனைக் காக்கப் போராடவும் செய்த இடம் இன்று சிப்காட் வளாகம். மிஷலின் டயர் ஆலை அங்கேதான் இருக்கிறது. அருகில் 2020இல் திறக்கப்பட்ட நீர்த்தேக்கம் சென்னைக்குக் குடிநீர் தருகிறது. ஆலைப் பணியாளரின் சீருடையில் பளிச்சென்று தெரிவது நிறுவனத்தின் பெயர். சாண்டர் இன்றிருந்தால் தம் கருவியோடு இங்கல்லவா வந்து நிற்பார்!

தையலை இழிவாக எண்ணும் வழக்கம் நம்மிடையே எப்படிப் புகுந்ததோ அறியோம். முதன்முதலில் ஆடை தைத்தவர் இத்ரீஸ் நபி (அலை) என்பது நம் வீடுகளில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதைச் சொல்லிக்கொண்டே தையற்காரரைப் பெயர் சொல்லி அழைக்காமல் 'டெய்லர்' என்றே அழைத்துப் பழகிவிட்டோம்.

ஆகவே, படத்தைப் பார்ப்பதோடு அமையாது, நம் மாணவர் தாமே இத்தகைய படங்களை எடுக்க வேண்டும். பொதட்டூர்ப்பேட்டையின் லுங்கி நெசவாளர், கும்மிடிப்பூண்டிக் கடைத்தெருவின் தையற்காரர், பழவேற்காட்டில் பனையோலை முடையும் முஸ்லிம் பெண்கள், தேர்வாய் கண்டிகையில் இரவுப்பணி முடித்து வரும் இளைஞர் எனப் பொருளுக்குப் பஞ்சமில்லை. வெண்டர்ஸே தம் திரைப்படக் கருவியோடு சிறு வீடியோ கருவியையும் கையாண்டார். நமக்குக் கைப்பேசி போதும். மூன்றாமாண்டு மாணவரின் திட்டக் கட்டுரைக்கு ஈடாக இதனைத் துறை ஏற்கலாம். ஒரே நாளில் போய் எடுத்துவரும் படம் வேண்டா. ஒரு பருவம் முழுவதும் வாரம் ஒருமுறை சென்று பழகிய பின்னரே கருவியை வெளியில் எடுத்தல் நன்று. முகம் காட்ட விரும்பாத பெண்கள் இருப்பர். அவர்தம் விரல்களை மட்டும் படமெடுக்கலாம். பெயரை எழுதலாமா என்பதை அவர்களிடமே கேட்க வேண்டும்.