நற்சான்றிதழ் கேட்காதீர்கள், நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு கருத்தரங்கில் வன உரிமைச் சட்டம் பற்றிக் கட்டுரை வாசித்தேன். முடித்ததும் மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்தார். "எல்லாம் சரி தம்பி, காட்டை அவர்களிடம் கொடுத்துவிட்டால் நாளைக்கும் இதேபோலக் காப்பாற்றுவார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அவர்கள் பிள்ளைகளும் பைக், செல்போன் என்று மாறிவிட்டார்களே?" என்றார். அரங்கில் பலர் தலையாட்டினார்கள். பழங்குடிகள் காட்டை எப்படியெல்லாம் காக்கிறார்கள் என்று நானும் அவசர அவசரமாக உதாரணங்களை அடுக்கினேன். ஊர் திரும்பும் பேருந்தில்தான் உறைத்தது, அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியிருக்கவே கூடாது.

எங்கள் வீட்டிலும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். தாத்தாவுக்கு வந்த பஞ்சமி நிலம் கைமாறிப் போன கதையைப் பேசும்போதெல்லாம், "உங்க ஆளுங்களுக்கு நிலத்தை வச்சுப் பொழைக்கத் தெரியல" என்று ஊரில் யாராவது சொல்வார்கள். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892-ல் அந்த நிலங்களை ஒதுக்கியபோது, ஒடுக்கப்பட்ட சாதியினர் தவிர வேறு எவருக்கும் அவற்றை விற்க முடியாது என்று அரசு நிபந்தனை விதித்தது. அந்த நிபந்தனையை மீறி வாங்கியவர்களைப் பார்த்து, 'உங்களுக்கு நிலம் வைத்திருக்கத் தகுதி உண்டா?' என்று எவரும் கேட்டதில்லை. பறிகொடுத்தவருக்குத்தான் எப்போதும் தகுதித் தேர்வு.

காட்டிலும் இதுதான் நடக்கிறது. கர்நாடகத்தின் பிளிகிரி ரங்கன் மலையில் சோளகர்கள் வாழ்கிறார்கள். மாநில எல்லைக்கு இந்தப் பக்கம், சத்தியமங்கலம் மலைகளில் வாழ்பவர்களும் அதே மக்கள்தான். 1974-ல் பிளிகிரி ரங்கன் மலை வனவிலங்குச் சரணாலயமானது. காட்டுக்குள் இடம் மாற்றி மாற்றிப் பயிர் செய்துவந்த சோளகர்களை ஓரிடத்தில் குடியமர்த்தினார்கள். வேட்டை நின்றது, பயிர் நின்றது, காட்டுக்குத் தீ வைப்பதும் நின்றது.

இந்தத் தீயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சோளகர்கள் இதைத் 'தரகு பெங்கி' என்பார்கள். தரகு என்றால் சருகு. கோடையின் தொடக்கத்தில், சருகு மெலிதாகக் கிடக்கும்போதே தீ வைப்பார்கள். தீ தரையோடு ஓடி அணைந்துவிடும், பெரிய மரங்களுக்குச் சேதம் இருக்காது. வனத்துறையின் கணக்கில் இது குற்றம். தீயைத் தடுத்த பிறகு காட்டில் உண்ணிச்செடி மண்டியது என்கிறார்கள் சோளகர்கள். வெள்ளைக்காரர்கள் அழகுக்காகக் கொண்டுவந்த செடி அது. யானை நுழைய முடியாத புதராகி, புல்லை முளைக்கவிடாமல் செய்துவிட்டது. நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியதற்கும் தீ நின்றதே காரணம் என்பது அவர்கள் கருத்து. அவர்களோடு சேர்ந்து வேலை செய்த சூழலியல் ஆய்வாளர்கள் இந்தக் கருத்தை ஆய்விதழ்களில் எழுதிய பிறகுதான் அது 'அறிவு' ஆனது. அதுவரை மூடப்பழக்கம்.

இதே மலையில், அதே காப்பகத்தின் நடுவே, காப்பித் தோட்டங்கள் இருக்கின்றன. சோலையை வெட்டி உண்டாக்கிய எஸ்டேட்டுகள். அவற்றின் முதலாளிகளிடம் 'உங்கள் பேரனும் காட்டைக் காப்பாற்றுவான் என்பதற்கு என்ன உத்தரவாதம்?' என்று எந்தக் கருத்தரங்கிலாவது யாராவது கேட்டிருக்கிறார்களா? நீலகிரியில் புல்வெளியை அழித்துத் தைலமரமும் சீகை மரமும் நட்டது வனத்துறைதான். இன்று அந்த அந்நிய மரங்களை அகற்றுவது ஒரு திட்டமாகவே நடக்கிறது. இத்தனை பெரிய தவறு செய்த துறையிடமிருந்து காட்டின் பொறுப்பைப் பிடுங்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. தவறு செய்தும் தகுதி இழக்காமல் இருப்பது சிலருக்கு மட்டும் வாய்க்கிறது. சாதியை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இந்தக் கேள்வியைச் சரியான இடத்திலிருந்து தொடங்குகிறது. அதன் முகப்புரை, காட்டில் வாழும் மக்களுக்கு இழைக்கப்பட்டது 'வரலாற்று அநீதி' என்று ஒப்புக்கொள்கிறது. 1878-லும் 1882-லும் வெள்ளை அரசு சட்டம் போட்டு எடுத்துக்கொண்டதும், சுதந்திர அரசு அதை அப்படியே தொடர்ந்ததும்தான் அந்த அநீதி. ஆகவே இந்தச் சட்டம் உரிமையைப் புதிதாக வழங்கவில்லை, இருந்த உரிமையை அங்கீகரிக்கிறது. சமூகக் காட்டு வளத்தைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் உள்ள உரிமையை மூன்றாவது பிரிவு சொல்கிறது. காட்டையும் விலங்கையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு ஐந்தாவது பிரிவு தருகிறது. முதலில் உரிமை, பிறகு பொறுப்பு. நம் அறிவுஜீவிகள் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறார்கள்.

உரிமை கைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் உள்ள மேந்தா லேகா சாட்சி. கோண்டு மக்களின் சிறிய ஊர். 2009-ல் ஏறத்தாழ 1,800 ஹெக்டேர் காட்டின் மீது அதன் சமூக உரிமை அங்கீகரிக்கப்பட்டது. ஆனால் தங்கள் காட்டு மூங்கிலை வெட்டி விற்க அவர்கள் 2011 வரை போராட வேண்டியிருந்தது. மூங்கில் மரமா புல்லா என்பதில் வனத்துறைக்குச் சந்தேகம். கடைசியில் மூங்கிலைக் கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டை வழங்கும் அதிகாரம் கிராம சபையின் கைக்கே வந்தது. எதை வெட்டுவது, எதை விடுவது, வரும் பணத்தை என்ன செய்வது என்று ஊர் கூடி முடிவெடுக்கிறது. காட்டை நிர்வகிப்பது என்றால் இதுதான். காட்டைத் தொடாமல் கும்பிட்டுக்கொண்டிருப்பது அல்ல.

ஒடிசாவின் நியம்கிரியில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று கிராம சபைகள் முடிவு செய்யட்டும் என 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடிய 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. மலை தப்பியது. டோங்ரியா கோண்டுகளை 'இயற்கையின் குழந்தைகள்' என்று கொண்டாடிய ஆவணப்படங்கள் அதுவரை சுரங்கத்தைத் தடுத்துவிடவில்லை. 'முடியாது' என்று சொல்லும் சட்ட அதிகாரம் அவர்கள் கையில் இருந்தது, அதனால் தடுக்க முடிந்தது.

நமக்குள்ளும் ஒரு பழக்கம் இருக்கிறது. பழங்குடிகளுக்காகப் பேசும்போது அவர்களை இயற்கையின் காவலர்கள் என்று புகழ்வதோடு ஆரம்பிக்கிறோம். இந்தப் புகழ்ச்சியில் ஒரு பொறி உண்டு. நாளைக்கு ஒரு சோளகர் இளைஞர் தன் நிலத்தில் காப்பி போட்டால், டிராக்டர் ஓட்டினால், அவர் காவலர் பதவியை இழக்கிறார். அதோடு நிலத்தையும் இழக்க வேண்டுமா? வன உரிமைப் பட்டா வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. அந்தத் தடையை நான் ஆதரிக்கிறேன். அது பிறர் அபகரிக்காமல் நிலத்தைக் காக்கிறது. உரியவரின் ஒழுக்கத்தை அளக்கும் நிபந்தனை வேறு ரகம், அது அபகரித்தவரைக் காக்கிறது.

பிளிகிரி ரங்கன் மலை 2011-ல் புலிகள் காப்பகமானது. அதே ஆண்டில் அங்குள்ள சோளகர்களின் சமூக உரிமைகளும் அங்கீகரிக்கப்பட்டன. எல்லைக்கு இந்தப் பக்கம் என்ன நடந்தது? இறுதிப் பட்டா வழங்கத் தன் அனுமதி வேண்டும் என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008 இடைக்கால ஆணை 2016 வரை நீடித்தது. அதற்கிடையில், 2013-ல், சத்தியமங்கலம் புலிகள் காப்பகமாகிவிட்டது. வீரப்பன் தேடுதல் காலத்தில் அதிரடிப்படையின் முகாம்களில் சித்திரவதைப்பட்ட மக்கள் இவர்கள். தங்கள் காட்டுக்கான காகிதம் கேட்டபோது காத்திருக்கச் சொன்னோம், புலிக்கு மட்டும் காகிதம் உடனே தயாரானது. ஒரே மக்கள், ஒரே காடு, ஒரே மத்தியச் சட்டம். நடுவில் ஒரு மாநில எல்லை.

இப்போது அந்த நீதிமன்றத் தடையும் இல்லை. தாளவாடியிலும் பர்கூரிலும் முதுமலையிலும் கிராம சபைகள் கேட்கும் சமூக வன உரிமையைத் தமிழ்நாடு அரசு தர வேண்டும். தனிநபர் பட்டாக்களை மேடையில் விநியோகித்துப் படம் எடுத்துக்கொள்வது போதாது. காட்டின் மீது முடிவெடுக்கும் அதிகாரம் கைமாற வேண்டும், வனத்துறை அங்கீகரிக்கத் தயங்குவது அதைத்தான்.

அந்தப் பேராசிரியரை மறுபடி சந்தித்தால் ஒன்று மட்டும் கேட்பேன். ஐயா, உங்கள் வீட்டை ஒருவன் ஆக்கிரமித்துக்கொண்டு, திருப்பித் தர வேண்டுமானால் நீங்கள் அதைச் சுத்தமாக வைத்திருப்பீர்கள் என்று எழுதிக் கொடுங்கள் என்றால், கையெழுத்துப் போடுவீர்களா?