பைப் விளிம்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர்?

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் ஒரகடம் தாண்டியதும் வல்லம் வடகால் சிப்காட் வந்துவிடும். யமஹா 2015இல் இங்கே ஆலையைத் திறந்தது. ராயல் என்ஃபீல்டு 2017இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் அதன் இன்னொரு ஆலை 2013 முதல் ஓடுகிறது. இப்படிப்பட்ட ஆலைகளில் வண்டியில் ஏறும் முன் ஃபோர்க்குக்குள் ஆயில் அளந்து நிரப்பப்பட்டிருக்கும். அது புதுசு, உள்ளே சொட்டு ஆயில்கூட இல்லாதது என்பதால் மில்லி கணக்கு அங்கே பிசகாது. அதே வண்டி சில ஆண்டுகள் கழித்து, ஆயில் சீல் கசிந்து ஒரு மெக்கானிக் கடையில் வந்து நிற்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

கடைகளில் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஃபோர்க்கைக் கவிழ்த்து வடிக்கிறார்கள். மேனுவலில் போட்டிருக்கும் மில்லியை, சில இடங்களில் பாட்டிலில் கண்ணால் பார்த்த பாதியை, ஒவ்வொரு பக்கமும் ஊற்றுகிறார்கள். மூடியைப் பூட்டி வண்டியை அனுப்பிவிடுகிறார்கள். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது கடினமல்ல. 1956 முதல் திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட்டின் ஃபோர்க்கில் அடியில் ட்ரெய்ன் ஸ்க்ரூ உண்டு. கழற்றி வடித்து, மேலே ஊற்றினால் வேலை முடிந்தது. அந்தக் கை இன்றைய வண்டிகளிலும் அப்படியே ஓடுகிறது.

கவிழ்த்து வடித்தாலும் ஆயில் முழுதாக வெளியே வருவதில்லை. டேம்பர் ராடுக்குள்ளும், அதன் துளைகளுக்குக் கீழேயும், பைப்பின் சுவரிலும் கொஞ்சம் தங்கிவிடும். எவ்வளவு தங்கும் என்பது வடிய விட்ட நேரத்தையும், எத்தனை தடவை ஃபோர்க்கை அமுக்கி எடுத்தார்கள் என்பதையும் பொறுத்தது. பல மேனுவல்கள் ஆயில் மாற்றும்போது ஒரு அளவும், முழுக்கப் பிரித்துக் கழுவிக் கோர்க்கும்போது வேறொரு அளவும் தருவது இதனால்தான். இரண்டாவது எண்ணை எடுத்து முதல் வேலைக்கு ஊற்றினால் ஆயில் கூடிப்போகும். ஒரு பக்கம் மட்டும் சீல் மாற்றி, இன்னொரு பக்கத்தைச் சும்மா வடித்திருந்தால் இரண்டு கால்களும் இரண்டு விதமாக நிற்கும்.

பத்து மில்லி கூடினால் குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். பைப்பின் உள்விட்டம்தான் அதற்குப் பதில் சொல்லும். உள்விட்டம் 36 மி.மீ. உள்ள பைப்பில் 10 மில்லி என்பது ஏறக்குறைய 10 மி.மீ. உயரம். வேலைக்குப் போய்வரும் 100 சிசி வண்டியின் ஒல்லிப் பைப்பில், உள்விட்டம் 25 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அதே 10 மில்லி 20 மி.மீ. உயரத்துக்கு ஏறிவிடும். புல்லட்டில் தப்பிக்கிற பிழை சின்ன வண்டியில் தப்பிக்காது.

அந்த உயரம் ஏன் முக்கியம்? ஆயிலுக்கு மேலே மூடிக்குக் கீழே அடைபட்டிருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். வாயை விரலால் அடைத்துக்கொண்டு சைக்கிள் பம்பை அமுக்கினால் கடைசியில் கை எப்படித் திணறுமோ, ஃபோர்க்கும் அடிமட்டத்தை நெருங்கும்போது அப்படித்தான் இறுகுகிறது. ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பைப் 41 மி.மீ., உள்விட்டம் 36, ஃபோர்க் அமுங்கும் தூரம் 130 மி.மீ., உள்ளே ஸ்பிரிங்கின் கம்பி அடைக்கும் இடம் 56 மில்லி. ஆயில் மட்டம் பைப் விளிம்பிலிருந்து 120 மி.மீ. கீழே என்றால், முழுக்க அமுங்கும்போது உள்காற்றின் அழுத்தம் சுமார் 3.6 மடங்காகும். மட்டத்தை 100 மி.மீட்டருக்கு உயர்த்தினால் அது 4.7 மடங்கு. சூட்டால் ஏறும் அழுத்தத்தைச் சேர்க்காமலே, ஒரு காலில் கடைசி இடத்தில் ஏறக்குறைய 15 கிலோ விசை கூடுகிறது. அதே மாற்றம், ஃபோர்க் மூன்றில் ஒரு பங்கு மட்டும் அமுங்கியிருக்கும்போது அரை கிலோவுக்குப் பக்கம்தான் வரும்.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால், வாடிக்கையாளரின் புகார் ஏன் குழப்புகிறது என்று புரியும். கடை வாசலில் ஹேண்டிலைப் பிடித்து அமுக்கிப் பார்க்கும்போது எல்லாம் சரியாகவே இருக்கும். ஷிப்ட் முடிந்து, கன்டெய்னர் லாரிகள் குழி பறித்த சாலையில், பூசிய கோடு அழிந்த வேகத்தடையில் ஏறி இறங்கும்போதுதான் மட்டம் குறைந்த ஃபோர்க் ‘டங்’கென்று அடிக்கும். மட்டம் கூடியதோ அடிக்காது. கல் மாதிரி நிற்கும். அந்த அழுத்தம் முழுவதையும் ஆயில் சீலின் உதடுதான் தாங்க வேண்டும். புதுசாகப் போட்ட சீல் சீக்கிரமே கசிந்தால் ‘டூப்ளிகேட் சீல்’ என்று ஸ்பேர் கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் மட்டத்தை அளந்து பார்ப்பது நல்லது.

அளக்கும் கருவி மருந்துக் கடையில் கிடைக்கிறது: 50 மில்லி சிரிஞ்ச், அகலமான முனை உள்ளது. அதோடு மீன் தொட்டிக்குப் போடும் மெல்லிய பிளாஸ்டிக் டியூப் ஒரு முழம். ஸ்பிரிங் போக மீதி இடத்தில் நேராக இறங்குகிற மாதிரி ஏழெட்டு அங்குல பித்தளைக் குழாய் ஒன்று. அதன் அடி முனையைச் சாய்க்காமல் வெட்டி, பிசிறை அரத்தால் தேய்த்துவிட வேண்டும். குழாயில் முன்னும் பின்னும் நகர்த்தி இறுக்கக்கூடிய ஒரு வளையம் வேண்டும். நடுவில் துளை போட்ட பட்டைத் தகடும், இறுக்க ஒரு சின்ன ஸ்க்ரூவும் போதும். கடையில் விற்கும் விலை உயர்ந்த கருவிக்குள்ளும் இதற்கு மேல் வித்தை ஒன்றும் கிடையாது.

மேனுவல் 110 மி.மீ. என்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழாயின் அடி முனையிலிருந்து தகட்டின் அடிப்பக்கம் வரை ஸ்டீல் ஸ்கேலில் 110 வைத்து இறுக்க வேண்டும். ஃபோர்க்கைச் செங்குத்தாக வைஸில் பிடித்து, ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, பைப்பை அடிவரை அமுக்கிவிட வேண்டும். ஸ்பிரிங் உள்ளே இருக்க அளந்த எண்ணும், பைப் மேலே நிற்க அளந்த எண்ணும் எதற்கும் உதவாது. ஆயிலைத் தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றி, மெதுவாகப் பத்துப் பன்னிரண்டு முறை மேலும் கீழும் இழுத்து அமுக்கினால் உள்ளே சிக்கிய காற்று குமிழாக வெளியேறும். நுரை அடங்க விட வேண்டும். அவசரப்படும் கடைகளில் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பிறகு தகடு பைப்பின் விளிம்பில் உட்காருகிற மாதிரி குழாயை இறக்கி சிரிஞ்சை இழுக்க வேண்டும். கூடுதல் ஆயில் ஏறும், ஏறும், திடீரென ‘சொர்ர்’ என்று காற்றை உறிஞ்சும். மட்டம் வந்துவிட்டது. அடுத்த காலுக்கும் அதே தகடு, அதே இறுக்கம். இரண்டுக்கும் நடுவே ஸ்க்ரூவைத் தொடக்கூடாது.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எண் குறைந்தால் ஆயில் கூடுகிறது என்று பொருள். 110ஐ 100 ஆக்கச் சொன்னால் உறிஞ்சக்கூடாது, ஊற்ற வேண்டும். அனுபவசாலிகளே இதில் தலைகீழாகப் போவதுண்டு.

மூடியைக் கழற்றும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். கீழே ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் காத்திருக்கிறது. மேல் கிளாம்ப் போல்ட்டை முதலில் தளர்த்தாமல் மூடியைத் திருகினால் மரை போகும். இவை தெரிந்த விஷயங்கள்தான்.

மேனுவலில் மட்டமே இல்லாமல் மில்லி மட்டும் போட்டிருந்தால்? ஃபோர்க்கை ஒருமுறை முழுக்கப் பிரித்து, கழுவி, காய வைத்து, கோர்த்து, சொன்ன மில்லியை அளவுச் சிலிண்டரில் ஊற்றி, காற்றை வெளியேற்றிவிட்டு மட்டத்தை அளக்க வேண்டும். வரும் எண்ணைச் சுவரில் எழுதி வைத்தால் அந்த மாடலுக்கு இனிமேல் அதுவே மேனுவல். ஆயிலின் தடிமனும் மேனுவல் சொன்னதாகவே இருக்கட்டும். ஒரு கம்பெனியின் 10டபிள்யூ இன்னொரு கம்பெனியின் 10டபிள்யூவைப் போல ஓடும் என்று நம்ப முடியாது. 40 டிகிரியில் அதன் பாகுத்தன்மை என்ன என்பதைத் தரவுத்தாளில் பார்த்துக்கொள்வதே சரி.

இரண்டு காலும் சமமாக இருக்க வேண்டும் என்ற விதிக்கு விலக்கும் வந்துவிட்டது. ராயல் என்ஃபீல்டின் ஷாட்கன் 650இல் இருக்கும் ஷோவா ஃபோர்க்கில் இரு கால்களுக்கும் வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட வடிவமைப்பில் வலது, இடதுக்கு மேனுவல் தனித்தனி எண் கொடுத்திருந்தால் அதை அச்சுப்பிழை என்று நினைத்துச் சமப்படுத்திவிடக்கூடாது. தலைகீழ் ஃபோர்க்குகளில் நடுவே ராடு நிற்பதால் குழாயைப் பக்கவாட்டில் இறக்க இடம் பார்க்க வேண்டும். காற்றை எடுக்க ராடையும் தனியாக இழுத்து அமுக்க வேண்டும்.

இந்த இதழ் பழுதுபார்ப்போரிடம் கேட்பது ஒன்றுதான். ஜாப் கார்டில் ‘ஃபோர்க் ஆயில் – 1’ என்று எழுதும் வரியை அடித்துவிட்டு, இடது இத்தனை மி.மீ., வலது இத்தனை மி.மீ., ஆயில் இன்னது, கிலோமீட்டர் இத்தனை என்று எழுத வேண்டும். அடுத்த முறை அதே வண்டி வரும்போது, பிரித்ததும் ஊற்றாமல் முதலில் பழைய மட்டத்தை அளந்தால் எந்தக் கால் எவ்வளவு இழந்திருக்கிறது என்று தெரியும். ஒரு பக்கம் மட்டும் 15 மி.மீ. இறங்கியிருந்தால் தேட வேண்டியது அந்தப் பக்கத்து சீலையும், பைப்பில் கல் பட்ட வடுவையும்தான். இரண்டு சீலையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றி வாடிக்கையாளரிடம் காசு வாங்க வேண்டியதில்லை.