இல்லறக் கணக்கு: நான்கு சக்கரமும் இழுக்க வேண்டுமா?

சென்ற திங்கள் ஒரு நாள் மாலை சங்க நூலகத்தில் இதழ்களைப் புரட்டிக் கொண்டிருந்தபோது, நம் அன்பர் ஒருவர் வண்ணத் தாள்கள் நிறைந்த ஓர் உறையுடன் வந்து அருகில் அமர்ந்தார். மத்திய அரசு அலுவலகமொன்றில் பணிபுரிபவர். ஓய்வு பெற இன்னும் நான்கு ஆண்டுகள் உள்ளன. திருநெல்வேலியில் பாதி கட்டிய வீடு. இங்கே டில்லியில் கல்லூரியில் பயிலும் மகள். 76 வயது நிரம்பிய அன்னை.

“கார் வாங்கப் போகிறோம், சார். சிறிய எஸ்.யு.வி.தான். ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாக இருக்க வேண்டும் என்று மகள் சொல்கிறாள். லட்ச ரூபாய்க்கு மேல் கூடுதலாகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்டார்.

இது அவர் ஒருவர் வீட்டுக் கேள்வி அன்று. பழைய காரை மாற்றும் காலம் வந்ததும் நம்முள் பலருக்கும் தெருவெங்கும் காணும் உயரமான வண்டிகளின் மேல் கண் செல்கிறது. அவ்விருப்பத்தில் பிழையொன்றும் இல்லை. ஆனால் எதற்காக வாங்குகிறோம் என்பதை வீட்டில் அமர்ந்து எண்ணாமல், ஷோரூமில் நின்று எண்ணத் தொடங்கினால், விலை ஏறும், பயன் ஏறாது. ஆகவே அன்பருக்குக் கூறியதையே இத்திங்கள் எல்லாருக்குமாக எழுதுகிறோம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். எஸ்.யு.வி. என்று விற்கப்படும் சிறு வண்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றை முன் சக்கரங்கள் இரண்டு மட்டுமே இழுக்கின்றன. தோற்றம் மலை வண்டியினுடையது. உள்ளமைப்போ சாதாரணக் காரினுடையது.

இரண்டாம் வகை ஆல் வீல் டிரைவ். மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஆகியவற்றின் சில ரகங்கள் இவ்வமைப்புடன் வந்துள்ளன. வழக்கமாக முன் சக்கரங்கள் இழுக்கும். அவை வழுக்கத் தொடங்கினால் பின் சக்கரங்களுக்கும் இழுவை தானே செல்லும்.

மூன்றாம் வகை ஃபோர் பை ஃபோர். மாருதி ஜிம்னியும், மஹிந்திரா தாரின் சில ரகங்களும் இவ்வகையின. ஓட்டுபவரே நான்கு சக்கரங்களையும் இணைக்க வேண்டும். வேகத்தைக் குறைத்து இழுவையை மிகுவிக்கும் ‘லோ’ கியரும் உண்டு. சேற்றுக்கும் மணலுக்கும் பாறை வழிக்கும் இது சிறந்தது. ஆனால் ஜிம்னி போன்றவற்றை உலர்ந்த தார்ச் சாலையில் நான்கையும் இணைத்தபடி ஓட்டலாகாது. வண்டி திரும்பும்போது முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தொலைவு உருள்கின்றன; அவ்வேறுபாட்டுக்கு இடமில்லாமல் உள்ளமைப்பு முறுக்கேறிக் கெடும்.

அன்பரின் மகள் கேட்டதற்கும் காரணம் இருக்கிறது. குளிர்காலத்தில் மணாலிக்குச் செல்ல அவளுக்கு ஆசை. 2020 அக்டோபரில் 9.02 கி.மீ. நீளமுள்ள அடல் சுரங்கப் பாதை திறக்கப்பட்டபின் பனி காணச் செல்வோர் லாஹௌல் வரையில் எளிதாகச் செல்கின்றனர். பனி மிகுதியாக விழும் நாட்களில், சோலாங்கிற்கு மேலே நான்கு சக்கர இழுவையுள்ள வண்டிகளை மட்டுமே காவல் துறையினர் விடுவதும் உண்டு.

இவ்விடத்தில் எமது அனுபவம் ஒன்றையும் கூற வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், தை மாதத்தில் நண்பர் ஒருவரின் ஆல் வீல் டிரைவ் வண்டியில் குடும்பத்துடன் குஃப்ரிக்குச் சென்றிருந்தோம். ஏறும்போது எவ்விதத் தடையும் இல்லை. வழியில் நின்றுவிட்ட சிறு கார்களைக் கடந்து சென்றபோது உள்ளத்தில் சற்றே பெருமிதமும் எழுந்தது. மாலையில் இறங்கும்போது ஒரு வளைவில் நண்பர் பிரேக்கை அழுத்தினார். வண்டி நிற்கவில்லை, பனிக்கட்டியின் மேல் ஓசையின்றி வழுக்கிச் சென்று, சாலையோரத்துப் பனிக் குவியலில் இடித்து நின்றது. அக்குவியலுக்கு அப்பால் பள்ளம். பின் இருக்கையில் குழந்தைகள். சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

பின்னால் வந்த லாரி ஓட்டுநர் இறங்கி வந்து டயர்களைக் கையால் தடவிப் பார்த்தார். “ஏற்றுவது எஞ்சின், பாபுஜி, இறக்குவது டயர்” என்று இந்தியில் சொன்னார். டயர்கள் தேய்ந்திருந்தன.

அந்த ஒரு சொல்லில் பெரிய பாடம் அடங்கியிருக்கிறது. நான்கு சக்கர இழுவை, வண்டி புறப்படவும் ஏறவும் உதவும், நிற்க உதவாது. நிறுத்தும் பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும் உண்டு. நிற்பதும் வளைவதும் டயரின் பிடிப்பைப் பொறுத்தவை. டயரின் பள்ளங்களுக்கிடையே 1.6 மி.மீ. உயரத்தில் சிறு மேடுகள் இருக்கும். தேய்மானம் அவற்றைத் தொட்டுவிட்டால் டயர் முடிந்தது. மழைச் சாலையில் அதற்கு முன்னரே மாற்றுவது நன்று. ஆல் வீல் டிரைவ் வண்டியில் ஒரு டயரை மட்டும் புதிதாக மாட்டுவதும் தகாது. நான்கும் ஏறத்தாழ ஒரே அளவு தேய்ந்தவையாக இருக்க வேண்டும். இச்செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மழைநாளில் பாலத்தடியில் தேங்கிய நீரைக் கடக்கவும் நான்கு சக்கர இழுவை காவலாகாது. எஞ்சினுக்குள் நீர் புகுந்தால் எந்த வண்டியும் நின்றுவிடும்; அப்போது மீண்டும் ஸ்டார்ட் செய்ய முயல்வது எஞ்சினையே உடைக்கக்கூடும்.

ஆகவே அன்பரிடம் மூன்று கேள்விகளைத் தாளில் எழுதச் சொன்னோம். ஆண்டில் எத்தனை நாள், எந்தச் சாலையில்? யார் யார் ஏறி இறங்குவர்? இந்நகரில் இன்னும் எத்தனை ஆண்டுகள்?

முதற் கேள்விக்கு அவர் எழுதிய விடை இது. அலுவலகத்துக்கும் கடைக்கும் 300 நாள். ஊருக்குப் போக ஆண்டுக்கு ஒரு முறை, 2,500 கி.மீ.க்கு மேற்பட்ட நெடுஞ்சாலைப் பயணம். பனி காண மூன்று நாள், அதுவும் விடுப்புக் கிடைத்தால். மூன்று நாளுக்காக ஆண்டு முழுதும் கூடுதல் எடையையும் எரிபொருளையும் பராமரிப்பையும் சுமப்பதைவிட, அந்த மூன்று நாளுக்கு மணாலியிலேயே, அவ்வழி பழகிய ஓட்டுநருடன் வாடகை வண்டி அமர்த்துவது மலிவு, பாதுகாப்பும் மிகுதி. இமயமலை ஊர்களிலே பணிபுரிவோர்க்கும், மண் வழியுள்ள எஸ்டேட்டுகளில் வாழ்வோர்க்கும் கணக்கு வேறு. அவர்களுக்கு அது தேவை, நமக்கு ஆசை.

இரண்டாம் கேள்விக்கு வந்தபோது அன்பர் சற்றுத் தயங்கினார். “அம்மா இப்பொழுதெல்லாம் எங்கும் வருவதில்லை, சார்” என்றார். காரணம் கேட்டோம். முழங்கால் வலி. பழைய காரின் இருக்கை தாழ்வானது. அதில் விழுவது போல் அமர்ந்து, இருவர் தூக்கிவிட எழ வேண்டும். பிறருக்குத் தொல்லை ஏன் என்று, கரோல்பாக் உறவினர் வீட்டுக்கும் நம் சங்கக் கச்சேரிக்கும் வருவதையே இரண்டு ஆண்டுகளாக நிறுத்திவிட்டாராம். அவர் கச்சேரிக்கு வராததை நாமும் கவனித்திருந்தோம். காரணத்தை அன்றுதான் அறிந்தோம்.

நகர்ப்புறக் குடும்பத்துக்கு உயரமான சிறு வண்டி தரும் உண்மையான நன்மை இங்கேதான் இருக்கிறது. இருக்கை இடுப்பளவு உயரத்தில் இருந்தால் குனியவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம். நாற்காலியில் அமர்வது போல் அமரலாம். அதற்கு மேல் உயர்ந்தாலோ முதியோருக்கு அதுவே துன்பம். எனவே அன்னையையும் ஷோரூமுக்கு அழைத்துச் செல்லுமாறு கூறினோம். மறு ஞாயிற்றுக்கிழமை அழைத்துச் சென்றார். மலை வண்டி ஒன்றின் கதவைத் திறந்ததும் அம்மையார், “ஏண்டா, இதில் ஏற எனக்கு ஏணியும் வாங்கித் தருவாயா?” என்று கேட்டாராம். இரண்டாம் வண்டியில் கதவு அகலப் போதவில்லை. மூன்றாவதில் பிறர் துணையின்றி ஏறி, இறங்கி, மீண்டும் ஒரு முறை ஏறிப் பார்த்தாராம். விற்பனையாளர் காட்டிய பெரிய திரையையும் கூரைக் கண்ணாடியையும் அதன்பின் ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

இனி விலை. 2025 செப்டம்பர் 22 முதல் நடப்பிலுள்ள வரி முறையில், 4 மீட்டருக்கு மேற்படாத நீளமும், பெட்ரோலாயின் 1,200 சி.சி.க்கும் டீசலாயின் 1,500 சி.சி.க்கும் மேற்படாத எஞ்சினும் உள்ள கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அவ்வரம்பைக் கடந்த பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40 சதவீதம். இரு நிபந்தனைகளும் சேர்ந்தே பொருந்த வேண்டும். ஜிம்னியின் நீளம் 3,985 மி.மீ.தான், எனினும் அதன் எஞ்சின் 1,462 சி.சி. ஆதலால் அது உயர்ந்த வரிக்கே உட்பட்டது. டிக்கியையும் கவனிக்க வேண்டும். ஜிம்னியில் 208 லிட்டர் இடமே உண்டு. ஊருக்குப் போகும் நம் குடும்பத்தின் பெட்டிகளும் பாத்திரங்களும் அதில் அடங்கா.

பெட்ரோலா, டீசலா என்பதற்கு டில்லியில் தனிக் கணக்கு உண்டு. தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்தது. பின்னர் 2025இலும் அது வழக்காடப்பட்டது. மேலும், இக்கால டீசல் வண்டிகளில் புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அது தன்னைத் தூய்மை செய்துகொள்ள, வண்டி அவ்வப்போது நீண்ட சாலையில் ஒரே சீராக ஓட வேண்டும். நெரிசலில் ஊர்ந்து செல்வோர்க்கு அது ஒரு தலைவலி.

மூன்றாம் கேள்வி, வெளி மாநிலங்களில் வாழும் நமக்கே உரியது. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை 12 மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். பழைய இடத்தில் என்.ஓ.சி. பெற வேண்டும், கடன் இருந்தால் வங்கியின் இசைவும் வேண்டும், புதிய மாநிலத்தில் சாலை வரி கட்டிப் பழைய மாநிலத்தில் மிச்ச வரியைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். இதைத் தவிர்க்கவே 2021இல் பாரத் வரிசைப் பதிவு தொடங்கப்பட்டது. மத்திய, மாநில அரசு ஊழியர்கள், படையினர், பொதுத் துறையினர், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகமுள்ள தனியார் நிறுவனத்தார் ஆகியோர் இதனைப் பெறலாம். தொடங்கியபோது, வரியை 15 ஆண்டுக்கும் ஒருங்கே கட்டாமல் இரண்டிரண்டு ஆண்டுகளாகக் கட்டலாம் என்று விதி இருந்தது. நம் அன்பருக்கு இத்தகுதி இருந்தும் அவருக்கே இது தெரியாது. பணியிலிருக்கும்போதே கேட்டறிந்து கொள்ளுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு சொல். 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்னும் மோதல் சோதனை நம் நாட்டிலேயே நடைபெறுகிறது. நீங்கள் வாங்கும் வண்டி பெற்ற நட்சத்திரங்களைக் கேளுங்கள். நான்கு சக்கர இழுவைக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை நல்ல டயருக்கும் பின் இருக்கைப் பெல்ட்டை மறவாது அணியும் பழக்கத்துக்கும் மாற்றினால் போதும். பழக்கத்துக்குச் செலவே இல்லை!

அன்பர் முடிவில் முன் சக்கரங்களால் இழுக்கப்படும், 4 மீட்டருக்குட்பட்ட பெட்ரோல் வண்டியையே வாங்கினார். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் வீட்டுக்குப் பொருந்தியது உங்கள் வீட்டுக்குப் பொருந்தாமற் போகலாம். மகளுக்கு வருத்தமில்லாமலில்லை. மிச்சமான தொகை அவளுடைய மேற்படிப்புக்கென வங்கியில் இருக்கிறது; வரும் குளிர்காலத்தில் மணாலிக்கு வாடகை வண்டியும் உண்டு என்று தந்தை வாக்களித்திருக்கிறார்.

சென்ற ஞாயிறன்று சங்கக் கச்சேரிக்கு அம்மையார் வந்திருந்தார். வாசலில் வண்டி நின்றதும் மகன் கைகொடுக்க விரைந்தார். அம்மையார் அக்கையை விலக்கிவிட்டுத் தாமே இறங்கி, புடவையைச் சரிசெய்து கொண்டு, முன் வரிசைக்கு நடந்து சென்றார்.