தேடுபொறிமுன் தமிழ் மாணவர்

தமிழ்ப் புலவர்க்கு நூல் தேடி ஊரூராய் அலைவதே நெடுங்காலம் முதற்பணியாக இருந்தது. சி.வை. தாமோதரனாரும் உ.வே. சாமிநாதரும் கரையான் அரித்த ஏட்டுக் கட்டுகளை வீடுவீடாகக் கேட்டுப் பெற்று, படியொடு படி ஒப்புநோக்கி உழைத்ததனாலேயே 1887-இல் கலித்தொகையும் சிந்தாமணியும், 1894-இல் புறநானூறும் அச்சேறின. இன்றோ, திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் வேடசந்தூர்ப் பேருந்துக்குக் காத்து நிற்கும் பதினேழு அகவை மாணவி, அம்மூன்று நூல்களையும் தன் கைப்பேசியில் நூல்விலை ஒரு காசும் கொடாது திறந்துவிடலாம். இஃது எளிய மாற்றமன்று. பொத்தகம் வாங்கப் பொருளற்ற உழவர் வீட்டுப் பிள்ளைக்கும், பெருநகர்ப் பேராசிரியர்க்கும் ஒரே நூலகம் திறந்திருக்கின்றது. இதனைப் பழிப்பவர் தமிழுக்கு நன்மை செய்பவரல்லர்.

இந்நூலகம் தானே முளைத்ததும் அன்று. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கலியாணசுந்தரனார் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் பரவிய தமிழன்பர் பலர் கூலி பெறாது தட்டச்சிட்டும் மெய்ப்புப் பார்த்தும் வளர்த்தது. 2001-இல் தமிழக அரசு தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், 2010-இல் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாறி, இலக்கியமும் உரையும் அகரமுதலியும் ஓரிடத்திற் சேர்த்து வைத்துள்ளது. 1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்ட கொடுமையை மறவாத ஈழத்தமிழர், 2005-இல் 'நூலகம்' என்னும் மின்னூலகத்தைத் தொடங்கி, தம் நூலும் இதழும் இனி ஒரு தீயால் அழியாதவாறு காத்து வருகின்றனர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகரமுதலியைத் தேடும் வகையில் இணையத்தில் ஏற்றியது அமெரிக்கச் சிகாகோப் பல்கலைக்கழகம் என்பதையும் ஈண்டுக் குறிக்கவே வேண்டும். அது தமிழர் நாணத்தக்க செய்தியா, நன்றி கூறத்தக்க செய்தியா என்பதைப் படிப்பவரே முடிவு செய்க.

ஆயின், நூல் இருப்பது வேறு. அதனைக் கண்டெடுப்பது வேறு.

திண்டுக்கல் வட்டாரத்துப் பள்ளியொன்றில் ஊர்ப்பெயர் பற்றி எழுதச் சொன்னால் மாணவர் செய்வது யாது? தேடுபொறியில் ஊர்ப்பெயரை இட்டு, முதலில் வந்து நிற்கும் பக்கத்தை அப்படியே பெயர்த்தெழுதுவர். திண்டு போன்ற கல்லாதலின் திண்டுக்கல் என்பது ஒன்று. திண்டி என்னும் மன்னன் பெயரால் அமைந்தது என்னும் தொன்மக்கதை மற்றொன்று. ஒருவன் முன்னதை எழுதுவான். மற்றொருவன் பின்னதை எழுதுவான். இரண்டும் மதிப்பெண் பெறும். மலைமேற் கோட்டை 1605-இல் முத்துக்கிருட்டிணப்ப நாயக்கரால் கட்டப்பட்டது என்று பக்கம் பல ஒருவாய்ப்படக் கூறும். அவற்றுள் எஃது எதனைப் பார்த்து எழுதியது, முதற்சான்று யாது என்று வினவும் மாணவன் அரியன். பத்துப் பக்கம் ஒன்றையே சொல்லுவதாற் பத்துச் சான்று ஆகிவிடாது. ஒரு பக்கத்தை ஒன்பதின்மர் படியெடுத்தாலும் அப்படித்தான் இருக்கும். படியொப்பு நோக்கிய பதிப்பாசிரியர்களின் வழிவந்த தமிழ்மாணவனுக்கு இது புதுக்கல்வியன்று. ஏட்டுக்கு உரிய அதே கண், திரைக்கும் வேண்டும், அவ்வளவே. படியெழுதிய மாணவனைக் கடிவதற்கு முன், படிக்காமலே மதிப்பெண் இட்ட ஆசிரியரைக் கடிய வேண்டும்.

தேடத் தெரிவது என்பது சொல்லைத் தட்டுவதன்று. எச்சொல்லைத் தட்டுவது என்று அறிவது. திண்டுக்கல் மாவட்டம் 1985-இல்தான் மதுரை மாவட்டத்தினின்று பிரிந்தது. இடையில் தலைவர் பெயரும் மன்னர் பெயரும் ஒட்டி வழங்கி, 1997-இல் மாவட்டப் பெயர்களின் அவ்வொட்டு நீங்கிற்று. ஆகலின், திண்டுக்கல் மாவட்டம் என்று மட்டும் தேடுபவனுக்கு 1985-க்கு முந்திய செய்தி பெரும்பாலும் அகப்படாது. நெல்சன் 1868-இல் எழுதிய மதுரை நாட்டு நூலும், பிரான்சிசு 1906-இல் வெளியிட்ட மதுரை மாவட்ட விளக்கச்சுவடியும் இணையத்தில் இலவயமாகக் கிடக்கின்றன. திண்டுக்கல் வட்டத்தின் நிலம், நீர், வரி, பஞ்சம், கோட்டை எல்லாம் அவற்றுள் உள. ஆயினும் மதுரை என்று தேடினாலன்றி அவை முகங்காட்டா. அயலார் தம் ஆட்சி நலங்கருதி எழுதிய நூல்கள் என்பதை மறவாமலே அவற்றைப் படித்தல் வேண்டும்; ஆயினும் படித்தல் வேண்டும்.

பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலை எண்ணிப் பார்க்க. புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. இராசன் 2009-ஆம், 2010-ஆம் ஆண்டுகளில் அங்கு அகழ்ந்தபோது, ஈமக்குழியில் நெல்லும் தமிழி எழுத்துப் பொறித்த கலந்தாங்கியும் கிடைத்தன. நெல்மணியைக் காலக்கணிப்புக்கு உட்படுத்தியதில் கி.மு. 490 என வந்தது. தமிழெழுத்தின் தொன்மையை நிறுவும் இத்துணைப் பெருஞ்சான்று மாவட்டத்தின் மண்ணிலேயே இருக்க, அதனைத் தமிழில் தேடும் மாணவனுக்கு வரும் இடர் சொல்லிலேயே இருக்கின்றது. பொருந்தல் என்பது ஊர்ப்பெயர் மட்டுமன்று, தொழிற்பெயருமாம். பழனி, அகழாய்வு, நெல் என்னும் துணைச்சொற்களைச் சேர்த்தாலன்றிப் பொறிக்கு வேறுபாடு விளங்காது. விளங்கியபின்னும், ஆய்வாளர்க்கு வேண்டும் விரிவான அறிக்கைகளுட் பல ஆங்கிலத்திலேயே நிற்கின்றன. தமிழன் முன்னோர் எழுத்தறிந்திருந்தமைக்குச் சான்று கூறும் கட்டுரையைத் தமிழ்மட்டும் அறிந்த அவ்வூர்ப் பிள்ளை படிக்கவியலாது என்றால், குறை பொறியினதா, எழுதியவரதா?

தமிழின் இயல்பும் தேடுவார்க்கு ஒரு தேர்வு வைக்கின்றது. மரம் என்று தேடுபவனுக்கு மரத்தை என்பதும் மரத்தின் என்பதும் எழுத்தளவில் வேறு சொற்களே. அன்றாட உரைநடையில் இவ்வேற்றுமையைத் தேடுபொறிகள் ஓரளவு கற்றுக்கொண்டன. பழம்பாடற் புணர்ச்சிக்கு முன் அவை திகைத்து நிற்கும். கற்றூண் என்பதனுள் தூண் இருப்பதையும், மட்குடம் என்பதனுள் மண் இருப்பதையும் நன்னூல் படித்த மாணவன் அறிவான்; பொறி அறியாது. 1950-களில் மர்ரே இராசம் என்பார் புணர்ச்சி பிரித்த மலிவுப் பதிப்புகளை வெளியிட்டபோது, யாப்புக் கெடுகின்றது என்று முகஞ்சுளித்த புலவரும் இருந்திருப்பர். அத்தகைய பிரிப்பே இன்று பழம்பாடலைத் தேடுதற்கு உறுதுணையாகின்றது. மதுரை அமெரிக்கன் கல்லூரியிற் கணக்குப் பேராசிரியராயிருந்த ப. பாண்டியராசா, சங்கப் பனுவல்களுக்கு அமைத்த தொடரடைவு இவ்வழியில் வந்த பெருங்கொடை. ஒரு சொல் சங்கப் பாடல்களில் எத்தனை இடத்தில், எவ்வுருவில் வருகின்றது என்பதை முற்காலத்துப் புலவர் வாழ்நாள் நெட்டுருவால் அறிந்தனர். இப்போது அதனைச் சில நொடியிற் காணலாம். தமிழ்த்துறைகள் செய்திருக்க வேண்டிய பணியைக் கணக்காசிரியர் ஒருவர் செய்தார் என்பது தமிழாசிரியர் சிந்தையில் தைக்கட்டும்.

தனித்தமிழ் அன்பர்க்குக் கசப்பான ஒன்றும் கூறாமல் விடுவதற்கில்லை. கணினி, கணிப்பொறி, கணனி. இணையத்தளம், இணையதளம், வலைத்தளம், வலைமனை: ஒரு பொருளுக்கு எத்தனை பெயர்! ஆக்கும் ஆர்வம் நன்று. ஆயின் ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு தனிப்பெட்டி. ஒன்றைத் திறந்தவனுக்கு மற்றவற்றின் உள்ளீடு தெரியாது. ஆங்கிலச் சொல் ஒன்றே நிற்க, தமிழ்ச்சொல் நான்காய்ச் சிதறும்போது, மாணவன் கை ஆங்கிலத்தின் பக்கமே சாய்கின்றது. பாவாணர் தலைமையில் 1974-இல் தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் வழிவந்த இயக்ககம், சொற்குவை என்னும் தளத்தைத் தமிழக அரசின் சார்பில் நடத்துகின்றது. அங்கு ஒரு கலைச்சொல் முன்னரே நிலைபெற்றிருப்பின், புதிதாய் ஒன்று புனைந்து தன் பெயர் நாட்டுவதை ஆர்வலர் தவிர்க்கலாம். தூய்மைக்கு ஒருமையும் துணைநிற்றல் வேண்டும்.

ஆய்வேடுகளின் நிலையோ இன்னும் வருந்தத்தக்கது. பல்கலைக்கழக நல்கைக் குழு 2009-இல் இட்ட நெறிமுறைப்படி, முனைவர்ப்பட்ட ஆய்வேடுகள் மின்னுருவில் நடுவண் களஞ்சியத்திற் சேர்க்கப்படுகின்றன. அக்களஞ்சியத்தின் பெயர் 'சோத்கங்கா'; வையைக்கும் காவிரிக்கும் அதில் இடமில்லை, போகட்டும். தமிழில் எழுதப்பட்டுத் தமிழைப் பற்றிய ஆய்வேடுகள் பலவற்றின் தலைப்பு, அங்கே உரோமன் எழுத்தில் ஏறியிருக்கின்றது. தமிழெழுத்தில் தேடுபவனுக்கு அவை இல்லாதவையே. உட்புகுந்தாலும், பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட பக்கங்கள் கண்ணுக்குத் தமிழாய்த் தோன்றிப் பொறிக்கு ஆங்கில எழுத்துக் குப்பையாய்ப் படும். ஒருங்குறி 1991-இலேயே தமிழுக்கு இடம் அளித்தது; தமிழக அரசும் 2010-இல் அதனை ஏற்றது. இதற்குப் பின்னும் ஒரு பல்கலைக்கழகம் பழைய எழுத்துருவில் ஆய்வேட்டை ஏற்றுக்கொள்ளுமாயின், அந்த ஐந்தாண்டு உழைப்பைக் கிணற்றிற் போட்டு மூடியதற்கு ஒப்பாம். காந்திகிராம ஊரகப் பல்கலைக்கழகம் முதலாகத் தமிழாய்வு நிகழும் எந்நிறுவனமும், தலைப்பும் சுருக்கமும் தமிழெழுத்தில் ஒருங்குறியில் இல்லாத ஏட்டைத் திருப்பியனுப்புவதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஓர் ஆணைத்தாள் போதும்.

அண்மையில் மாணவர் தேடுவதையும் விட்டுவிட்டனர்; செயற்கை நுண்ணறிவுப் பொறியிடம் கேட்கின்றனர். அது மறுமொழி சொல்லத் தயங்குவதில்லை. நட்பைப் பற்றிப் புறநானூற்றுப் பாடல் ஒன்று தா என்றால், புறநானூற்றில் இல்லாத அடிகளைச் சங்கச் சாயலிற் கட்டி, எண்ணும் புலவர் பெயரும் இட்டுத் தந்துவிடுவதுண்டு. பழந்தமிழ் அறியாதவனுக்கு அது மெய்யாகவே தோன்றும். இடைச்செருகலை நீக்கப் பதிப்பாசிரியர்கள் நூறாண்டு பாடுபட்டனர். இனிமேல் இடைச்செருகல் நாடோறும் ஆயிரக்கணக்கிற் பிறக்கும். அப்பொறி தரும் ஒவ்வொரு பாடலையும் மதுரைத் திட்டத்துப் பனுவலிலோ கல்விக்கழகத் தளத்திலோ பாடல் எண் கொண்டு ஒத்துப் பாராமல் எழுதுவதை, தமிழ்வகுப்பில் எழுத்துப்பிழையினும் பெரும்பிழையாகக் கொள்ளுதல் தகும்.

பள்ளியில் இன்றே தொடங்கத்தக்க பணி ஒன்று உண்டு. நாட்டுடைமையாக்கப்பட்ட ஏறத்தாழ 2000 நூல்களின் படவுருக்கள், தமிழ் விக்கிமூலத்தில் 2016-ஐ ஒட்டி ஏற்றப்பட்டன. எழுத்துணரி அவற்றைப் படித்து உரையாக்கியுள்ளது. ஆயின் ரகரத்தைக் கால் என்றும், காலை ரகரம் என்றும், னகரத்தை ளகரம் என்றும் அது மயங்கும். அம்மயக்கம் நீங்காத பக்கத்தை எத்தேடுபொறியும் சரியாகக் காட்டாது. வலப்புறம் படம், இடப்புறம் உரை. இரண்டையும் ஒப்புநோக்கித் திருத்துவதற்குத் தமிழ் 99 விசைப்பலகையும் அரை மணி நேரமும் இருந்தாற் போதும். 2011 முதல் அரசு வழங்கிய மடிக்கணினிகளுள் இன்னும் இயங்குவன நத்தத்திலும் நிலக்கோட்டையிலும் வடமதுரையிலும் வீடுகளில் எஞ்சியிருக்கும். பதினொன்றாம் வகுப்பு மாணவர் நாற்பதின்மர் கிழமைக்கு ஒரு பக்கம் திருத்தினால், ஒரு பள்ளியாண்டில் நூற்றைம்பது பக்க நூல்கள் எட்டேனும் தேடத்தக்கனவாகும்.