மூன்று மாதமா, மூன்று நாளா?

1974-ம் ஆண்டு, மார்ச் மாதம் 9-ந் தேதி. சனிக்கிழமை இரவு.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே உள்ள பெரிய அரங்கில் அன்று கூடைப்பந்துப் பந்தயம் நடந்தது. மோதியவர்கள் கல்லூரி மாணவர்கள்.

ஒரு பக்கம் வட கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகம். சுருக்கமாக "ஸ்டேட்" என்பார்கள். இன்னொரு பக்கம் மேரிலாண்ட் பல்கலைக்கழகம். அன்றைக்கு நாட்டிலேயே முதல் இடத்தில் இருந்த கோஷ்டி ஸ்டேட். மேரிலாண்ட் நாலாவது இடத்தில் இருந்தது.

பந்தயம் முடிய வேண்டிய நேரம் வந்தது. இரண்டு கோஷ்டிக்கும் 97 புள்ளி. சமம்! இன்னும் 5 நிமிடம் ஆடச் சொன்னார்கள். அதுவும் முடிந்தபோது ஸ்டேட் 103, மேரிலாண்ட் 100.

மூன்றே புள்ளி! அந்த மூன்று புள்ளியில் மேரிலாண்ட் மாணவர்களின் ஓராண்டு உழைப்பு அடிபட்டுப் போயிற்று.

"விளையாட்டு என்றால் ஒருவர் ஜெயிப்பார், ஒருவர் தோற்பார். இதில் என்ன அதிசயம்?" என்று கேட்கலாம். அதிசயம் ஆட்டத்தில் இல்லை. சட்டத்தில் இருந்தது.

கான்பரன்ஸ் என்றால் என்ன?

அமெரிக்காவில் பல கல்லூரிகள் ஒன்றாகச் சேர்ந்து விளையாட்டுக்காக ஒரு கூட்டு அமைத்துக்கொள்கின்றன. அதற்குக் "கான்பரன்ஸ்" என்று பெயர். பெயரைக் கேட்டதும் மேடை, மாலை, சொற்பொழிவு என்று நினைத்துவிடக் கூடாது. இது பந்து ஆடுகிறவர்களின் கூட்டு.

ஒரு கூட்டில் உள்ள கல்லூரிகள் குளிர்காலம் முழுவதும் ஒன்றோடு ஒன்று மோதும். ஒரு நாள் இந்த ஊரில் ஆட்டம். இன்னொரு நாள் அந்த ஊரில் ஆட்டம். பனியிலும் குளிரிலும் பிரயாணம். நடுவில் பாடம், பரீட்சை. யார் அதிகப் பந்தயத்தில் ஜெயித்தார்களோ, அவர்கள் பட்டியலில் முதல்.

அதோடு விட்டிருந்தால் தொல்லை இல்லை. மார்ச் மாதத்தில் எல்லாக் கோஷ்டிகளையும் ஒரே ஊருக்கு வரவழைத்து மறுபடியும் ஆட விடுகிறார்கள். மூன்று நாள், நாலு நாள் நடக்கும். ஒரு தடவை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். கடைசி வரை நின்றவரே சாம்பியன். அகில அமெரிக்கப் போட்டிக்குப் போகும் உரிமையும் அவருக்கே.

1974 வரை ஒரு கூட்டில் இருந்து ஒரே ஒரு கோஷ்டிதான் அகில அமெரிக்கப் போட்டிக்குப் போகலாம். ஸ்டேட்டும் மேரிலாண்டும் ஒரே கூட்டு. அட்லாண்டிக் கடற்கரைக் கான்பரன்ஸ் என்று அதற்குப் பெயர். ஆகவே நாட்டில் நாலாவது இடத்தில் இருந்த மேரிலாண்ட் வீட்டுக்குப் போயிற்று. அதைவிடக் கீழே இருந்த பல கோஷ்டிகள், வேறு கூட்டுகளில் இருந்த ஒரே காரணத்தால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போட்டிக்குப் போயின!

யார் கொண்டு வந்த பழக்கம்?

எவரெட் கேஸ் என்று ஒரு பயிற்சியாளர் இருந்தார். இண்டியானா மாநிலத்துக்காரர். அங்கே பள்ளிக்கூடக் கூடைப்பந்து என்றால் ஊரே திரண்டு வரும். அவர் 1946-ல் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். இண்டியானாவின் பந்துப் பைத்தியத்தையும் கையோடு கொண்டு வந்தார்.

ஜெயித்தவர்கள் ஏணி போட்டு ஏறி, கூடையில் தொங்கும் வலையைக் கத்தரித்து எடுத்துக்கொள்ளும் வழக்கம் இன்று அமெரிக்கா முழுவதும் இருக்கிறது. கல்லூரிப் பந்தயத்தில் அதைப் பரப்பியவர் கேஸ்தான்.

அட்லாண்டிக் கூட்டு 1953-ல் பிறந்தது. 1954-ல் அதன் முதல் மார்ச் போட்டி ரேலி நகரில் நடந்தது. எங்கே தெரியுமா? ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் சொந்த அரங்கில்! இறுதிப் பந்தயத்தில் ஸ்டேட் 82, வேக் பாரஸ்ட் 80. ஜெயித்தவர் கேஸ். 1966 வரை அந்தப் போட்டி அதே அரங்கில்தான் நடந்தது. மற்றக் கல்லூரிகள் 13 ஆண்டுகள் பொறுத்துக்கொண்டன. அரங்கு பெரியது, டிக்கெட் விற்கும், பணம் வரும் என்பது ஒரு காரணம்.

பணம் மட்டுமே காரணம் என்று சொல்வதும் நியாயம் அல்ல. கடைசி இடத்தில் கிடக்கும் கோஷ்டிக்கும் மார்ச் மாதத்தில் ஒரு நம்பிக்கை பிறக்கிறது. "இந்த மூன்று நாள் ஜெயித்தால் போதும்" என்று அது எழுந்து உட்காருகிறது. ஊர் மக்களும் உட்காருகிறார்கள்.

அந்த நம்பிக்கை சில சமயம் கேலிக்கூத்திலும் முடிவது உண்டு. 1968-ல் டியூக் கோஷ்டியைச் சமாளிக்க முடியாது என்று ஸ்டேட் கண்டுகொண்டது. என்ன செய்தது? பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றது! இத்தனை நொடிக்குள் பந்தைக் கூடைக்கு வீச வேண்டும் என்ற விதி அப்போது கிடையாது. பாதி ஆட்டம் முடிந்தபோது டியூக் 4, ஸ்டேட் 2. முழு ஆட்டம் முடிந்தபோது ஸ்டேட் 12, டியூக் 10. பணம் கொடுத்துப் பார்க்க வந்தவர்கள் பாவம். மறு நாள் இறுதிப் பந்தயத்தில் வட கரோலினா பல்கலைக்கழகம் 87-50 என்று ஸ்டேட்டைத் துவைத்துப் போட்டது. (ஸ்டேட் வேறு, இது வேறு. இரண்டும் ஒரே மாநிலம், பக்கத்துப் பக்கத்து ஊர், பரம வைரிகள்.)

சொந்த வீட்டில் விருந்து, தனக்கு இலை இல்லை!

மேரிலாண்டுக்கு நடந்தது முதல் அநியாயம் அல்ல. 1970-ல் தென் கரோலினா பல்கலைக்கழகம் கூட்டில் 14 பந்தயம் ஆடிற்று. பதினாலிலும் வெற்றி! அப்புறம் மார்ச் போட்டி வந்தது. அதன் சிறந்த ஆட்டக்காரர் ஜான் ரோச்சுக்குக் கணுக்காலில் அடி. நொண்டிக்கொண்டே இறுதிப் பந்தயம் ஆடினார். இரண்டு தடவை கூடுதல் நேரம் கொடுத்தார்கள். முடிவு: ஸ்டேட் 42, தென் கரோலினா 39.

பதினாலு வெற்றியும் ஒரே ராத்திரியில் செல்லாக் காசாயிற்று.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அந்த ஆண்டு அகில அமெரிக்கப் போட்டியின் கிழக்குப் பகுதிப் பந்தயங்கள் கொலம்பியா நகரில் நடந்தன. அது தென் கரோலினாவின் சொந்த ஊர். அவர்களுடைய சொந்த அரங்கு. வெளியூர் மாணவர்கள் வந்து ஆடினார்கள். வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள்! அடுத்த ஆண்டே, 1971-ல், தென் கரோலினா அந்தக் கூட்டை விட்டு வெளியேறியது.

அந்த இரவு ஆடியவர்கள்

மறுபடியும் கிரீன்ஸ்பரோவுக்கு வரலாம்.

அன்று ஸ்டேட் பக்கம் டாம் பர்ல்சன் ஆடினார். ஏழடிக்கு மேல் உயரம். அந்த ஆண்டு கூட்டின் முதல் ஐந்து ஆட்டக்காரர்களைத் தேர்ந்து எடுத்தபோது அவரை விட்டுவிட்டு, மேரிலாண்டின் லென் எல்மோரைப் போட்டிருந்தார்கள். பர்ல்சன் பதில் பேசவில்லை. அன்று இரவு 38 புள்ளி எடுத்தார். அதே கோஷ்டியில் மான்டி டோ என்று ஒருவர். ஐந்தரை அடி சுமார் உயரம். பர்ல்சனின் மார்பு வரைகூட வரமாட்டார். இருவருக்கும் நடுவில் டேவிட் தாம்சன். அவர் எம்பிக் குதித்தால் கூடையையே எட்டிப் பார்ப்பார் என்பார்கள்.

மேரிலாண்டும் லேசுப்பட்டது அல்ல. டாம் மக்மில்லன் படிப்பிலும் புலி. ரோட்ஸ் உபகாரச் சம்பளம் பெற்று ஆக்ஸ்போர்டில் படித்தவர். பிற்காலத்தில் அமெரிக்கப் பாராளுமன்ற உறுப்பினர் ஆனார். எல்மோர் பிற்காலத்தில் ஹார்வர்டில் சட்டம் படித்துத் தேறினார். இருவருக்கும் கல்லூரியில் அதுவே கடைசி ஆண்டு. "அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்ல அவர்களுக்கு அடுத்த வருஷம் இல்லை. கல்லூரி ஆட்டத்தில் இதுதான் மனத்தைப் பிசைவது. ஒரு மாணவனுக்குக் கிடைப்பது மூன்று நாலு ஆண்டு மட்டுமே.

பந்தயம் முடிந்தது. ஸ்டேட் மாணவர்கள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்கள். அப்போது ஒருவர் அந்தப் பஸ்ஸுக்குள் ஏறினார். மேரிலாண்டின் பயிற்சியாளர் லெப்டி டிரிசெல்! தோற்றுப்போன மனிதர், ஜெயித்த பிள்ளைகளைப் பாராட்டினார். போய் நாட்டின் பட்டத்தை வென்று வாருங்கள் என்று வாழ்த்திவிட்டு இறங்கினார்.

அவர்கள் வென்றார்கள். ஏழு ஆண்டுகள் தொடர்ந்து பட்டம் வாங்கிய கலிபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. கோஷ்டியை வீழ்த்தினார்கள். இறுதியில் மார்க்கெட் பல்கலைக்கழகத்தை 76-64 என்று தோற்கடித்து, அமெரிக்காவின் சாம்பியன் ஆனார்கள். அந்தச் சாம்பியனுக்கு மூன்று புள்ளி குறைவாக எடுத்த மேரிலாண்டுக்குப் போட்டியில் இடமே இல்லை!

அடுத்த ஆண்டு சட்டம் மாறியது. 1975-ல் அகில அமெரிக்கப் போட்டியில் 32 கோஷ்டிகளைச் சேர்த்தார்கள். சாம்பியன் அல்லாத நல்ல கோஷ்டியையும் அழைக்கலாம் என்றார்கள். முதலில் ஒரு கூட்டுக்கு இரண்டு என்று இருந்தது. 1980-ல் அந்த வரம்பும் போயிற்று. கிரீன்ஸ்பரோ பந்தயம் ஒன்றினால்தான் சட்டம் மாறியது என்று சொன்னால் அது மிகை. ஆனால் மாற்றம் வேண்டும் என்றவர்களின் கையில் அதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

புதிய வாசல் வழியே முதல் ஆண்டிலேயே உள்ளே போனவர்களில் மேரிலாண்டும் உண்டு. 1975-ல் அது கூட்டின் பட்டியலில் முதலில் வந்தது. மார்ச் போட்டியில் ஸ்டேட்டிடம் தோற்றது. பழைய சட்டமாக இருந்தால் அழுதுகொண்டே ஊர் போயிருக்கும். புதிய சட்டப்படி அழைப்பு வந்தது. நாட்டில் மிஞ்சிய கடைசி எட்டுக் கோஷ்டிகளில் ஒன்றாக நின்றது.

அப்படியானால் மார்ச் போட்டியை ஒழித்துவிடலாமா?

கூடாது. ஏன் கூடாது என்பதை 2024-ம் ஆண்டு காட்டியது.

அந்த ஆண்டு ஸ்டேட்டுக்குப் பழைய பெருமை இல்லை. கூட்டில் 15 கோஷ்டிகள். அதில் பத்தாவது இடம். கடைசி நாலு பந்தயத்திலும் தோல்வி. மார்ச் போட்டி இல்லாவிட்டால் அதோடு கதை முடிந்திருக்கும்.

ஐந்து நாளில் ஐந்து பந்தயம் ஜெயிக்க வேண்டும். நாளுக்கு ஒன்று. ஓய்வே கிடையாது. லூயிவில், சிரக்யூஸ், டியூக் வரிசையாக விழுந்தன. நாலாவது நாள் விர்ஜினியாவுடன் ஆட்டம். மூன்று புள்ளி பின்தங்கி இருந்தது ஸ்டேட். நேரம் முடியும் கணத்தில் மைக்கேல் ஓ'கானல் தூரத்தில் இருந்து பந்தை வீசினார். பந்து பலகையில் பட்டுக் கூடைக்குள் விழுந்தது. சமம்! கூடுதல் நேரத்தில் ஸ்டேட் ஜெயித்தது. ஐந்தாவது நாள், பட்டியலில் முதலில் வந்த பரம வைரி வட கரோலினாவை 84-76 என்று வீழ்த்தியது. 37 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த பட்டம். அது வெறும் குருட்டு அதிர்ஷ்டமும் அல்ல. அகில அமெரிக்கப் போட்டியிலும் நாலு வெற்றி பெற்று, கடைசி நாலு கோஷ்டிகளில் ஒன்றாக வந்துதான் நின்றது.

வட கரோலினாவுக்கு என்ன நஷ்டம்? கோப்பை போயிற்று. ஆனால் அகில அமெரிக்கப் போட்டிக்கு அதற்கும் அழைப்பு வந்தது. உழைத்தவனுக்கு உழைப்பின் கூலியும், எழுந்தவனுக்கு எழுச்சியின் பரிசும் கிடைத்தன. 1974-ல் இல்லாத நியாயம் இது.

ஆனால் இந்த நியாயம் பெரிய வீட்டுக்கு மட்டும்!

சிறிய கூட்டுகளின் நிலை வேறு. அவற்றுக்கு அநேகமாக ஒரே இடம்தான் கிடைக்கிறது. மார்ச் போட்டியில் தோற்ற கோஷ்டியைக் கூப்பிட்டு அழைப்பார் இல்லை. அந்த மாணவர்களுக்கு இன்றும் 1974-தான்.

ஐவி லீக் என்பது ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் முதலிய எட்டுப் பெரிய கல்விச் சாலைகளின் கூட்டு. படிப்பில் பெரியது, கூடைப்பந்தில் சிறியது. மற்றவர்கள் எல்லாம் மார்ச் போட்டி வைத்த பிறகும், அது மட்டும் பட்டியலில் முதலில் வந்தவரையே அனுப்பி வந்தது. 2017-ல் அதுவும் மனம் மாறி, முதல் நாலு கோஷ்டிகளுக்குப் போட்டி வைத்தது.

அந்த ஆண்டு பிரின்ஸ்டன் 14 பந்தயத்தில் 14 வெற்றி. 1970-ன் தென் கரோலினாவைப் போலவே! போட்டியில் அதை எதிர்த்தது பென் கோஷ்டி. 6 வெற்றி, 8 தோல்வி என்று நாலாவதாக ஒட்டிக்கொண்ட கோஷ்டி. பந்தயம் எங்கே நடந்தது? பிலடெல்பியாவில், பென்னின் சொந்த அரங்கில்! முதலில் வந்தவன் கடைசியில் வந்தவன் வீட்டுக்குப் போய்ப் பரீட்சை எழுத வேண்டும்! ஆட்டம் முடிய சில நொடிகள் இருக்கும்போது பிரின்ஸ்டன் பின்தங்கித்தான் இருந்தது. எப்படியோ சமப்படுத்தி, கூடுதல் நேரத்தில் 72-64 என்று பிழைத்தது. மறு நாள் யேலை வென்று பட்டமும் பெற்றது. பிழைத்ததால் யாரும் கூச்சல் போடவில்லை.

இதற்குப் பரிகாரம் கஷ்டமானது அல்ல. பேட்ரியட் லீக் என்ற சிறிய கூட்டு அதைச் செய்து காட்டியிருக்கிறது. அங்கே மார்ச் பந்தயம் ஒவ்வொன்றும், பட்டியலில் மேலே வந்த கோஷ்டியின் சொந்த ஊரில் நடக்கிறது. மூன்று மாதம் உழைத்தவனுக்குத் தன் தரை, தன் கூடை, தன் மக்களின் கைதட்டல். வருகிறவன் அதையும் மீறி ஜெயித்தால், அவன் பட்டத்துக்கு உரியவன்தான்.

"முன்கூட்டியே அரங்கு பேச வேண்டும், டிக்கெட் விற்க வேண்டும், டெலிவிஷன்காரர்களுக்கு இடம் சொல்ல வேண்டும்" என்று நிர்வாகிகள் காரணம் சொல்கிறார்கள். நிர்வாகிகளுக்கு மார்ச் மாதம் ஒவ்வொரு ஆண்டும் வரும். கடைசி ஆண்டு படிக்கிற மாணவனுக்கு இன்னொரு மார்ச் கிடையாது. ஒரே இடம் பெறும் கூட்டுகள் அரங்கு பேசும்போது, அவன் எந்த ஊர்த் தரையில் ஆடப் போகிறான் என்பதை முதலில் கேட்கட்டும். வாடகைக் கணக்கை அப்புறம் பார்க்கட்டும்.