தன்னம்பிக்கைக்கு யார் பில் கட்டியது?

போன வாரம் ‘டைரி ஆஃப் எ சார்ஜெண்ட்’ பார்த்தேன். 1945-ல் அமெரிக்க ராணுவம் எடுத்த குறும்படம். நாயகன் ஹெரால்ட் ரஸ்ஸல், நிஜ சார்ஜெண்ட். 1944 ஜூன் 6, நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கிய அதே நாள், இவர் அமெரிக்காவிலேயே ஒரு முகாமில் வெடிமருந்துப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். கையில் இருந்த டிஎன்டி வெடித்தது. இரண்டு கையும் போச்சு.

அதற்கப்புறம் நடப்பதுதான் படம். ஆஸ்பத்திரி, கைக்குப் பதில் இரும்புக் கொக்கிகள், அதைப் பழகும் பாடு, கடைசியில் கல்லூரி. நண்பர்களுக்கும் போட்டுக் காட்டினேன். எல்லோரும் சொன்னது ஒன்றே: “தன்னம்பிக்கைடா மச்சான்!”

எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். ரஸ்ஸலின் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கொக்கி யார் காசு? பழக்கிவிட்டவருக்குச் சம்பளம் யார் கொடுத்தது? காமர்ஸ் படிக்கிறோம், வரவைப் பார்த்துக் கைதட்டிவிட்டுச் செலவுப் பக்கத்தைக் கிழித்துப் போடலாமா?

அதே ஜூன் 22-ம் தேதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம்தான் ‘ஜி.ஐ. பில்’. போரிலிருந்து திரும்பியவர்களுக்குப் படிப்புச் செலவு, வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம். லட்சக்கணக்கானவர்கள் அதனால் தலையெடுத்தார்கள். அதே சட்டம் கையில் இருந்தும் கறுப்பின வீரர்கள் பலரைக் கல்லூரிகளும் வங்கிகளும் திருப்பி அனுப்பின. அவர்களுக்கு என்ன தன்னம்பிக்கையா குறைச்சல்?

இன்னொரு விஷயம். படத்தில் ரஸ்ஸலின் குரலே கிடையாது. அவர் கதையை வேறொருவர் சொல்கிறார். நாமும் அதைத்தானே செய்கிறோம்? மாற்றுத் திறனாளியை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவோம், அவருக்கு என்ன தேவை என்று மட்டும் கேட்க மாட்டோம்.

இந்தப் படத்தைப் பார்த்துத்தான் இயக்குநர் வில்லியம் வைலர் அவரை ‘த பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ படத்தில் நடிக்க வைத்தார். ஒரே வேடத்துக்கு இரண்டு ஆஸ்கர்! 1992-ல் அதில் ஒன்றை ரஸ்ஸல் ஏலத்தில் விற்றார். 60,500 டாலர். காரணமாக அவர் சொன்னது, மனைவியின் மருத்துவச் செலவு.

அப்போது அவருக்கு வயது 78. தன்னம்பிக்கை அப்படியேதான் இருந்திருக்கும். ஆஸ்பத்திரி அதை வாங்கிக்கொண்டு ரசீது தராதே!

அடுத்த தடவை “மனசு இருந்தால் போதும்” என்று யாராவது சொன்னால், பில் யார் கட்டியது என்று கேளுங்கள்.